சிறு ரோந்துக் கப்பல்களின் வான் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே ரோந்துக் கப்பல் என்பது சுமார் 50 மீட்டர் நீளமுள்ள 250 டன் படகு முதல் 110 மீட்டர் நீளமுள்ள ஆழ்கடல் ரோந்துக் கப்பல் வரை. "எந்த ஏவுகணை நல்லது?" என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: எத்தனை நொடி கிடைக்கும், எத்தனை டன் தாங்கும்?

ரோந்துக் கப்பலின் வேலை மீன்பிடிக் கண்காணிப்பும் கடத்தல் தடுப்பும்தானே? வான் பாதுகாப்பு எதற்கு?

அமைதிக் காலத்தில் அதுதான் வேலை. ஆனால் பதற்றம் மூளும்போது கரைக்கு அருகே ஏற்கெனவே நிற்பது இந்தக் கப்பல்தான். 1991 ஜனவரி இறுதியில் பாரசீக வளைகுடாவின் புபியான் தீவுப் பக்கம் இராக்கின் சிறு போர்ப்படகுகளைப் பிரிட்டனின் லின்க்ஸ் ஹெலிகாப்டர்கள் ஸீ ஸ்குவா ஏவுகணைகளால் ஒவ்வொன்றாக அழித்தன. படகுகளின் பீரங்கி எட்டாத தூரத்தில் இருந்தே ஹெலிகாப்டர்கள் சுட்டன. 2022 மே மாதம் கருங்கடலின் பாம்புத் தீவு அருகே ரஷ்யாவின் ராப்டர் ரோந்துப் படகுகளை உக்ரைன் பைரக்தார் ட்ரோன்களால் தாக்கியது. இரு முறையும் படகுகளிடம் துப்பாக்கி இருந்தது. மேலே இருப்பவனை உரிய தூரத்தில் கண்டு, குறிவைத்து, எட்டிச் சுடும் ஏற்பாடுதான் இல்லை.

தாழப் பறந்து வரும் ஏவுகணையைக் கண்ட பிறகு எவ்வளவு நேரம் இருக்கும்?

பூமி வளைந்திருப்பதால் ரேடாருக்கும் ஓர் அடிவானம் உண்டு. கணக்கு எளிது. ரேடாரின் உயரத்தையும் இலக்கின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும்.

ரேடார் 16 மீட்டரில், ஏவுகணை 4 மீட்டரில் என்றால் 4.12 × (4 + 2), அதாவது ஏறக்குறைய 25 கி.மீ. 50 மீட்டர் படகில் ரேடார் 9 மீட்டரில் இருந்தால் 20.6 கி.மீ. இது வடிவியல் தரும் உச்சவரம்பு மட்டுமே. கடல் அலைகளின் எதிரொலியிலிருந்து இலக்கைப் பிரித்தெடுக்க நேரமாகும் என்பதால் 25 கி.மீ-ஐ 20 என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பான கணக்கு.

ஒலியைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில், நொடிக்கு 280 மீட்டர் வரும் ஏவுகணை 20 கி.மீ-ஐக் கடக்க 71 நொடி ஆகும். அதில் செலவைக் கழியுங்கள். நிமிடத்துக்கு 30 சுற்றுச் சுழலும் ரேடார் 2 நொடிக்கு ஒரு முறை பார்க்கிறது. நான்கு பார்வையில் தடம் உறுதியாக 8 நொடி. அதிகாரி திரையைப் பார்த்து முடிவெடுக்க 12 நொடி. இலக்கு நோக்கி (ஆயுதத்துக்குக் குறி தரும் கருவி) திரும்பிப் பூட்ட 5 நொடி. மொத்தம் 25 நொடி போக, ஏவுகணை இப்போது 13 கி.மீ-இல் இருக்கிறது. கடினம்தான், ஆனால் சமாளிக்கலாம்.

அதே கப்பலை நோக்கி நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில், 9 மீட்டர் உயரத்தில் ஒன்று வரட்டும். அடிவானம் 28.8 கி.மீ, கண்டது 23 கி.மீ-இல் என்று கொள்வோம். அதே 25 நொடி போனால் மிச்சம் 3 கி.மீ, அதாவது 4 நொடிக்கும் குறைவு. இங்கே பிழைக்க வேண்டுமானால் மனிதர் முடிவெடுக்கும் அந்த 12 நொடியை முன்கூட்டியே செலவழித்திருக்க வேண்டும்: எந்தத் திசையிலிருந்து, எந்த வேகத்துக்கு மேல், எந்த உயரத்துக்குக் கீழ் வந்தால் கணினியே சுடலாம் என்ற விதிகளை அமைத்து, தானியங்கி நிலையில் வைத்திருக்க வேண்டும். 1987 மே 17 அன்று இராக் விமானம் ஏவிய இரண்டு எக்சோசெட் கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள் அமெரிக்காவின் ஸ்டார்க் கப்பலைத் தாக்கி 37 பேர் இறந்தார்கள். கப்பலில் ஃபாலன்க்ஸ் (ஏவுகணையைத் தானே குறிவைத்துச் சுடும் விரைவுப் பீரங்கி) இருந்தது. தானியங்கி நிலையில் இல்லை.

அப்படியானால் ரேடாரை இன்னும் உயரத்தில் வைத்துவிடலாமே?

வர்க்கமூலம் என்பதால் பலன் மெல்லத்தான் கூடும். 16 மீட்டரிலிருந்து 25 மீட்டருக்கு ஏற்றினால், அதாவது 9 மீட்டர் கூட்டினால், கிடைப்பது 4 கி.மீ, சுமார் 14 நொடி. அந்த 14 நொடிக்கு மதிப்பு உண்டு. ஆனால் ரேடாரும் அதைத் தாங்கும் கம்பமும் கேபிள்களும் சேர்ந்து உச்சியில் சுமையாகும். உருளலின்போது உச்சியில் ஊசலாட்டம் அதிகம் என்பதால் ரேடாரை நிலைப்படுத்துவதும் சிரமம். சிறு கப்பலில் பெரும்பாலும் கம்பத்தை உயர்த்துவதைவிடச் சுழற்சி வேகத்தைக் கூட்டுவது லாபம். நிமிடத்துக்கு 12 சுற்று என்றால் நான்கு பார்வைக்கு 20 நொடி. 30 சுற்று என்றால் 8 நொடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 12 நொடி, எடை ஏறாமலே.

ஏவுகணைப் பெட்டி 6 டன்தானே? 400 டன் கப்பலுக்கு அது ஒரு பாரமா?

எத்தனை டன் என்பதோடு எந்த உயரத்தில் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 21 ஏவுகணைகள் கொண்ட ராம் (குறுந்தூர வான் பாதுகாப்பு ஏவுகணை) ஏவியும், ஃபாலன்க்ஸ் பீரங்கியும் இரண்டுமே ஏறக்குறைய 6 டன். மாதிரிக்கு ஒரு கணக்கு. 400 டன் கப்பல், ஈர்ப்பு மையம் அடிக்கட்டைக்கு மேல் 3.6 மீட்டர், நிலைத்தன்மைக்கான மைய உயரம் (சாய்ந்த கப்பல் மீண்டு நிமிரும் திறனின் அளவு) 0.9 மீட்டர். 6 டன்னை 9.6 மீட்டரில் வைக்கிறோம். ஈர்ப்பு மையம் 6 × 6 ÷ 406, அதாவது ஏறக்குறைய 9 செ.மீ உயரும். 0.9 மீட்டரில் 10 சதவீதம் போயிற்று.

இதை ஈடுகட்ட அடியில், 0.6 மீட்டர் உயரத்தில் ஈயமோ இரும்போ வைத்தால் 12 டன் தேவை. ஆக 6 டன் ஆயுதம் 18 டன்னாக விலை கேட்கிறது. அந்த அளவுள்ள கப்பல் அதனால் 6 அல்லது 7 செ.மீ கூடுதலாக மூழ்கும். வேகம் குறையும், எரிபொருள் கூடும், எதிர்காலத்துக்கென்று வைத்த எடை இருப்பு கரையும். எரிபொருள் தொட்டி பாதி காலியாகி உள்ளே திரவம் அலைபாயும்போதும், தளத்தில் தீயணைப்பு நீர் தேங்கும்போதும் மிச்சமிருக்கும் நிலைத்தன்மை இன்னும் குறையும். அடிபட்ட கப்பல் கவிழ்வது இப்படித்தான். எனவே கணக்கை முழுத் தொட்டிக்கு மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். 10 சதவீத எரிபொருள், தளத்தில் நீர், பக்கக் காற்று என்ற நிலைக்கும் போடுங்கள்.

பீரங்கியா, ஏவுகணையா?

ஒன்றுதான் முடியும் என்றால் பீரங்கி. ரோந்துக் கப்பல் எச்சரிக்கைக்குச் சுட வேண்டும், படகை நிறுத்த வேண்டும், ட்ரோனை வீழ்த்த வேண்டும். ஏவுகணை இவற்றில் கடைசி வேலையை மட்டுமே செய்யும், அதுவும் பெரும் செலவில்.

எந்தப் பீரங்கி என்பதில்தான் உண்மையான விவாதம்.

ஒற்றைக்குழல் 30 மி.மீ: இலேசானது, தளத்தைத் துளைக்காமல் பொருத்தலாம். ட்ரோனுக்கும் படகுக்கும் சரி. வெடித்துச் சிதறும் குண்டு இல்லாமல் ஏவுகணைக்கு எதிராக இதை நம்ப முடியாது.

ஆறுகுழல் 30 மி.மீ, ஏ.கே-630 வகை: நிமிடத்துக்கு சுமார் 5,000 குண்டு. பெட்டியில் 2,000 குண்டு என்றால் மொத்தமே 24 நொடிச் சுடுதல்தான். நேரடியாகப் பட்டாக வேண்டும். பலன் 2 கி.மீ-க்குள். அந்தத் தூரத்தில் ஏவுகணையை உடைத்தாலும் அதன் துண்டுகள் அதே வேகத்தில் கப்பலை வந்து சேரும்.

40 மி.மீ: போஃபர்ஸ் மார்க் 4 நிமிடத்துக்கு 300 குண்டு, எடை குண்டின்றி 2.5 டன்னுக்குள். வெடிக்கும் இடத்தைக் குழலை விட்டுப் புறப்படுமுன் நிரல்படுத்தும் குண்டு கிடைக்கிறது. நேரடியாகப் பட வேண்டியதில்லை. அருகே வெடித்து டங்ஸ்டன் குண்டுமணிகளைத் தூவும். ஏவுகணையை 3 கி.மீ முதல் 1 கி.மீ வரை சுட 7 நொடி கிடைக்கும், 35 குண்டு. மேடையில் தயாராக இருப்பது 100. ஆக இரண்டு, மூன்று தாக்குதலுக்குப் பிறகு ஆள் வந்து நிரப்ப வேண்டும்.

57 மி.மீ மார்க் 3: நிமிடத்துக்கு 220, கோபுரத்தில் 120 குண்டு. 76 மி.மீ சூப்பர் ராபிட்: நிமிடத்துக்கு 120. இரண்டும் குண்டின்றியே 7 டன்னைத் தாண்டும், தளத்துக்குக் கீழே குண்டு அறையும் கேட்கும். வழிநடத்தப்படும் குண்டு என்ற வசதி 76-க்கு உண்டு.

1,000 டன்னுக்குக் கீழே 40 மி.மீ, அதற்கு மேலே 57 அல்லது 76 என்பது நல்ல தொடக்கம். ஃபின்லாந்தின் ஹமினா வகைக் கப்பல்கள் 51 மீட்டர், சுமார் 250 டன். புதுப்பித்தபோது டார்பிடோவும் இழுவை சோனாரும் ஏற வேண்டியிருந்தது. முன்னிருந்த 57 மி.மீ இறங்கி 40 மி.மீ ஏறியது. ஒன்று ஏற ஒன்று இறங்க வேண்டும். அந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

செங்கடல் அனுபவமும் இதையே சொல்கிறது. 2024-இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸன் கப்பல் ட்ரோன்களுக்கு எதிராக ராம் ஏவுகணையோடு 76 மி.மீ பீரங்கியையும் பயன்படுத்தியது. அதே ஆண்டு ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் கிரேவ்லி கப்பல், சுமார் ஒரு மைல் அருகே வந்துவிட்ட ஏவுகணையை ஃபாலன்க்ஸால் வீழ்த்தியது. பெரிய ஏவுகணைகள் நிறைந்த கப்பலுக்கும் கடைசிக் கதவு பீரங்கிதான்.

தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை இரண்டு இருந்தால் போதாதா?

ஹெலிகாப்டரைத் தள்ளி நிற்க வைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஆடும் தளத்தில் நிற்பவர் வெறுங்கண்ணால் தேடினால் இலக்கை அவர் காண்பதற்குள் வாய்ப்பு போய்விடும். நீரில் பட்டு மின்னும் வெயில் தேடுமுனையைக் குழப்பும். நிலைப்படுத்திய மேடையில் வைத்து, ரேடார் சொல்லும் திசைக்குத் தானே திரும்பும்படி அமைத்தால் அதே ஏவுகணை வேறு ஆயுதமாகிவிடுகிறது. மிஸ்ட்ரல் ஏவுகணைக்கு இரட்டை, நான்கு என்று அத்தகைய தொலை இயக்க மேடைகள் உள்ளன; எட்டும் தூரம் சுமார் 6 கி.மீ.

சிறு கப்பலிலும் முழு ஏவுகணைத் தொகுதி வைத்திருக்கிறார்களே?

வைக்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தின் பைனூனா வகை 71 மீட்டர்தான், 76 மி.மீ பீரங்கி, எக்சோசெட், செங்குத்தாக ஏவும் 8 ஸீ ஸ்பாரோ வான் ஏவுகணை, 21 ராம். எகிப்தின் எஸ்ஸாத் வகை 62 மீட்டர் சொச்சம், 76 மி.மீ, ஹார்ப்பூன் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை, ராம், ஃபாலன்க்ஸ். இரண்டும் கரைக்கு அருகே சில நாள் சண்டையிடப் பிறந்தவை.

அவற்றோடு பிரிட்டனின் இரண்டாம் தொகுதி ரிவர் வகையை ஒப்பிடுங்கள். 90 மீட்டர், சுமார் 2,000 டன், முதன்மை ஆயுதம் ஒரே ஒரு 30 மி.மீ. ஆனால் 5,000 கடல் மைலுக்கு மேல் போகும், ஒரு மாதத்துக்கு மேல் துறைமுகம் தொடாமல் இருக்கும். இரண்டில் எது சிறந்தது என்பது பொருளற்ற கேள்வி. ஒரே எடைக்குள் சண்டைப் பற்களையும் நீண்ட பயணத்தையும் அடைக்க முடியாது. எது வேண்டும் என்று வாங்குபவர் முதல் நாளே சொல்லியாக வேண்டும்.

சாஃப் (ரேடாரை ஏமாற்றக் காற்றில் தூவும் உலோகப் பூச்சு இழைகள்), தீப்பிழம்பு போன்ற ஏமாற்றிகள் இன்றும் பயன்படுமா?

பயன்படும். சிறு கப்பலுக்குத்தான் அதிகம் பயன்படும். 1967 அக்டோபர் 21 அன்று எகிப்தின் ஏவுகணைப் படகுகள் இஸ்ரேலின் ஏலாத் கப்பலை ஸ்டிக்ஸ் ஏவுகணைகளால் மூழ்கடித்தன. ஆறு ஆண்டு கழித்து, 1973 அக்டோபரில் சிரியாவின் லடாக்கியா அருகே அதே வகை ஏவுகணைகளை எதிர்கொண்ட இஸ்ரேலின் சிறு படகுகளில் ஒன்றுகூட அடிபடவில்லை. இடையில் மாறியது சாஃபும் மின்னணுக் குறுக்கீடும். கப்பலின் ரேடார் எதிரொலி சிறியதாக இருந்தால் அதைவிடப் பெரிய பொய் எதிரொலியை உண்டாக்குவது எளிது. பெரிய கப்பலுக்கு இல்லாத இந்தச் சாதகத்தைப் பக்கச் சுவர்களைச் சாய்த்து, தளத்தில் சாமான்களைத் திறந்தபடி விடாமல் காத்துக்கொள்ள வேண்டும். படகுத் தூக்கி, ஏணி, கம்பிவேலி, வெளியே கட்டிய பீப்பாய் எல்லாம் எதிரொலியைக் கூட்டும்.

தவறு நேரும் இடங்கள்:

ஏவுகணை ஏற்கெனவே கப்பலைப் பூட்டிவிட்டால், சாஃப் மேகம் கப்பலுக்கு அருகிலேயே சில நொடியில் விரிய வேண்டும். பின்னர் காற்று மேகத்தை ஒரு பக்கமும் எஞ்சின் கப்பலை மறுபக்கமும் பிரிக்க வேண்டும். காற்றின் திசை பார்க்காமல் சுட்டால் மேகம் கப்பலோடு சேர்ந்தே நகரும். காற்றுமானியின் அளவு நேரே ஏவியின் கணினிக்குப் போக வேண்டும், எந்தக் குழல் என்பதை அது தேர்ந்தெடுக்க வேண்டும்.

திரும்பும்போது முழுப் பக்கத்தையும் ஏவுகணைக்குக் காட்டினால் எதிரொலி பலமடங்காகும்.

ஏமாந்த ஏவுகணை மறைந்துவிடாது. 1982 மே 25 அன்று ஃபாக்லாந்தில் போர்க்கப்பல்களின் சாஃபால் திசைமாறிய எக்சோசெட்கள், அப்பாலிருந்த அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலைத் தாக்கின. சாஃப் சுடும் கப்பல், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

6 குழல் ஏவி நான்கு என்றால் 24 சுடுதல். ஒரு தாக்குதலுக்கு இரண்டு மூன்று போகும். நிரப்புவது வெட்டவெளித் தளத்தில், கையால். உருவத்தைப் பார்த்துத் தேடும் அகச்சிவப்பு முனைக்குச் சாஃப் தெரியவே தெரியாது. அதற்குத் தனியே வெப்ப ஏமாற்றியும் புகைத்திரையும் வேண்டும்.

மின்னணுக் கண்காணிப்புக் கருவி விலை உயர்ந்தது. ரேடார் இருக்கும்போது அது ஏன்?

எதிரி ரேடாரை இயக்கினால் அதன் அலை, திரும்பி அவனை அடையும் தூரத்தைவிட நெடுந்தூரத்துக்கு நம் காதில் விழும். ஏவும் விமானம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலே திசை தெரியும். ஏவுகணையின் தேடுமுனை விழித்ததும் எந்த வகை என்று தெரியும். மேலே கணக்கிட்ட 71 நொடிக்கு முன்னால் இன்னும் ஒன்றிரண்டு நிமிடத்தைச் சேர்ப்பது இதுதான். நம் அலையை வெளியிடாமல் கேட்கலாம் என்பது கூடுதல் லாபம்.

வைத்துவிட்டால் மட்டும் போதாது. 1982 மே 4 அன்று அடிபட்ட ஷெஃபீல்ட் கப்பலில் இந்தக் கருவி இருந்தது. அந்நேரத்தில் செயற்கைக்கோள் தொடர்பு நடந்துகொண்டிருந்தது. அந்த அலை கருவியின் காதை அடைத்துவிட்டது. 20 பேர் இறந்தார்கள். சிறு கப்பலில் எல்லா ஆன்டெனாவும் ஒரே கம்பத்தைச் சுற்றியே இருப்பதால் இந்தச் சிக்கல் இன்னும் கடுமை. வடிவமைப்பின்போதே எது எதை மறைக்கும், எது எதைக் குலைக்கும் என்ற அட்டவணை தயாரித்து, துறைமுகச் சோதனையில் ஒவ்வொரு ஜோடியாக இயக்கிப் பார்க்க வேண்டும்.

2006 ஜூலை 14 அன்று பெய்ரூட்டுக்கு எதிரே நின்ற இஸ்ரேலின் ஹனித், பாராக் ஏவுகணை, ஃபாலன்க்ஸ், மின்னணுக் கருவி எல்லாம் கொண்ட நவீனக் கப்பல். எதிராளியிடம் அத்தகைய ஏவுகணை இருக்கும் என்று எண்ணாததால் பாதுகாப்பு அமைப்பு இயக்கத்தில் இல்லை. நான்கு மாலுமிகள் உயிரிழந்தனர்.

மெதுவாக வரும் ட்ரோன் எளிய இலக்குதானே?

நேரம் நிறைய; அடையாளம் காண்பதுதான் கடினம். மணிக்கு 180 கி.மீ வேகத்தில் வரும் ஷாஹித் வகை 10 கி.மீ-ஐக் கடக்க 200 நொடி எடுத்துக்கொள்ளும். ஆனால் பறவைகளையும் அலைகளையும் ஒதுக்கத் திரையில் வேக வரம்பு வைத்திருப்பார்கள். அந்த வரம்பு ட்ரோனையும் சேர்த்து ஒதுக்கிவிடும். வரம்பைத் தளர்த்தினால் திரை முழுக்கக் கடற்பறவைகள். முப்பரிமாண ரேடார், அதோடு இணைந்து தானே திரும்பும் பகல்-இரவுக் கேமரா, லேசர் தூரமானி என்ற மூன்றும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும்.

சுடும் கோணமும் முக்கியம். முன்தளத்தில் ஒரே பீரங்கி உள்ள கப்பலுக்குப் பின்பக்கம் குருட்டுப் பகுதி. ட்ரோன்கள் சுற்றி வளைத்து, அதுவும் பின்னாலிருந்து வரும். முன்னே 40 அல்லது 57, பின்னே இரு பக்கமும் 30 மி.மீ என்று முக்கோணமாக வைத்தால் எந்தத் திசையிலும் குறைந்தது ஒரு குழலாவது நோக்கும். அதே குழல்கள் கடலில் வரும் ஆளில்லாப் படகையும் பார்த்துக்கொள்ளும். 35 நாட் (மணிக்கு 35 கடல் மைல்) வேகத்தில் வரும் படகு 3 கி.மீ-ஐக் கடக்க 3 நிமிடத்துக்குள்தான் ஆகும். ரஷ்யாவின் செர்கெய் கோதொவ் ரோந்துக் கப்பல் 2024 மார்ச் 5 அன்று மூழ்கியது அத்தகைய படகுகளால்தான்.

"இப்போது இடம் விட்டுவைப்போம், பிறகு பொருத்திக்கொள்வோம்" என்பது நடக்குமா?

காலி இடம் மட்டும் விட்டால் நடக்காது. உண்மையான ஒதுக்கீடு என்றால் இவை எல்லாம் வேண்டும்: அந்த உயரத்தில் அந்த எடையைச் சேர்த்தே போட்ட நிலைத்தன்மைக் கணக்கு, ஏவுவிசையைத் தாங்கும்படி தளத்துக்கு அடியில் வலுப்படுத்திய விட்டங்கள், ஜெனரேட்டரில் மிச்ச கிலோவாட், குளிர்நீர்க் குழாயும் வால்வும், கேபிள் செல்லும் துளைகள், போர் மேலாண்மைக் கணினியில் அந்த ஆயுதத்துக்கான மென்பொருள், புகையும் தீயும் வெளியேறும் வழி, இயக்குபவருக்குப் படுக்கை. படுக்கையை மறப்பவர்களே அதிகம்.

ஸ்வீடனின் விஸ்பி வகையில் முதல் கப்பல் 2000-இல் நீரில் இறங்கியது. வான் ஏவுகணை திட்டத்தில் இருந்தது, பின்னர் கைவிடப்பட்டது. இப்போதுதான் ஸீ செப்டர் தேர்வாகியிருக்கிறது. இடையில் இரண்டு தலைமுறை மாலுமிகள் அது இல்லாமலே கடலுக்குப் போனார்கள். நெதர்லாந்தின் ஹாலந்து வகையில் அருமையான ஒருங்கிணைந்த ரேடார் கம்பமும் 76 மி.மீ பீரங்கியும் உண்டு, வான் ஏவுகணை இல்லை. இருந்தும், ரேடாரில் பணம் போட்டு ஏவுகணையைத் தள்ளிவைத்தது, தலைகீழாகச் செய்வதைவிடப் பலமடங்கு மேல்: கண் உள்ள கப்பல் மற்றவர்களை எச்சரிக்கவாவது முடியும்.

அவசரத்தில் செய்வது எப்படி இருக்கும் என்பதற்கு 2022 சான்று. கோதொவின் உடன்பிறப்பான வசீலி பீகொவ் நிரந்தர வான் ஏவுகணை இன்றிக் கட்டப்பட்டது. போர் தொடங்கிய பின் தரைப்படையின் தோர் ஏவுகணைப் பெட்டியை, சுமார் 15 டன், ஹெலிகாப்டர் தளத்தில் வைத்துக் கட்டினார்கள். ஹெலிகாப்டர் தளம் போயிற்று. முன்பக்கம் மேல்கட்டுமானம் மறைத்தது.

வேகத்தைக் கூட்டினால் ஏவுகணையிலிருந்து தப்பலாமா?

முடியாது. 25 நாட் வேகத்துக்கும் 35 நாட் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் நொடிக்கு 5 மீட்டர். ஏவுகணைக்கு அது ஒன்றுமே இல்லை. விலையோ பெரிது: சாதாரண உடற்பகுதிக்கு இயல்பான வேக எல்லை, நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் வரும். 80 மீட்டருக்கு ஏறக்குறைய 22 நாட். அதற்குள்ளேயே சக்தி வேகத்தின் முப்படியாக ஏறும். 15-லிருந்து 20 நாட் வேகத்துக்குப் போக 2.4 மடங்கு. எல்லையை நெருங்கும்போது இதைவிட மோசம். அந்த எஞ்சின் எடையையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தினால் நல்ல ரேடாரும் இரண்டாவது ஜெனரேட்டரும் வைக்கலாம்.

ஹெலிகாப்டர் கூடமா, ஏவுகணையா?

ரோந்துக்குக் கூடம். 300 மீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெலிகாப்டரின் ரேடார் கடல் மட்டத்தை 70 கி.மீ வரை பார்க்கும். எந்தக் கம்பமும் அதைத் தராது. ஆளில்லாச் சிறு ஹெலிகாப்டரானால் கூடம் பாதியாகும், அதன் கூரையில் ஓர் ஏவிக்கு இடமும் கிடைக்கும்.

அலுமினியக் கட்டுமானத்தால்தான் ஷெஃபீல்ட் எரிந்தது என்கிறார்களே?

ஷெஃபீல்டின் மேல்கட்டுமானம் எஃகு. அலுமினியம் இருந்தது வேறு வகைக் கப்பல்களில். ஆனாலும் அலுமினியத்தின் பலவீனம் உண்மை: 250 டிகிரிக்குள்ளேயே வலுவில் பெரும்பகுதியை இழக்கும், எஃகு 550 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். உச்சி எடை குறைவதால் சிறு கப்பலுக்கு அலுமினியம் தேவைப்படுகிறது. அப்படியானால் தீத்தடுப்புப் போர்வையை முழுமையாகப் போடுங்கள், குண்டு அறையையும் கட்டுப்பாட்டு அறையையும் எஃகால் சூழுங்கள்.

அடிபட்ட பிறகு சிறு கப்பல் மிஞ்சுமா?

ஏவுகணையின் வெடிமருந்தைவிட எரியாமல் மிஞ்சிய அதன் எரிபொருள்தான் பல நேரம் கப்பலைக் கொல்கிறது. ஸ்டார்க்கில் முதல் ஏவுகணை வெடிக்கவில்லை. எரிபொருள் கொட்டித் தீ பரப்பியது. தீயணைப்புப் பம்பு குறைந்தது இரண்டு, முன்னும் பின்னும், வெவ்வேறு மின்பலகையிலிருந்து. பிரதான குழாயை நடுவே துண்டிக்கும் வால்வுகள், இருபுறமும் இருந்து இயக்கும்படி. மின்சாரமே இல்லாமல் ஓடும் ஒரு டீசல் பம்பு. இவற்றின் மொத்த எடை ஒரு ஏவியின் எடையைவிடக் குறைவு. எங்கே வெட்டினாலும் இவற்றில் வெட்டாதீர்கள்.

எத்தனை ஆட்கள் கூடுதலாகத் தேவை?

ரேடார்த் திரை, மின்னணுக் கண்காணிப்பு, இலக்கு நோக்கி, முடிவெடுக்கும் அதிகாரி என நான்கு இருக்கை. மூன்று முறைக் காவல் என்றால் 12 பேர். 40 பேர் கப்பலில் அது பெரிய பங்கு. ஆள் தர முடியாவிட்டால் இரண்டு இருக்கைகளை ஒன்றாக்கும் மென்பொருளுக்குப் பணம் ஒதுக்குங்கள்; ஆளில்லா இருக்கை இயங்கும் கருவியாகக் கணக்கில் வரக்கூடாது.

1,500 டன் கப்பலுக்குப் பணத்தை எந்த வரிசையில் செலவிடலாம்?

தீயணைப்பும் நிலைத்தன்மை இருப்பும் முதலில். அடுத்து முப்பரிமாண ரேடார், மின்னணுக் கண்காணிப்பு, தானே சுடும் ஏமாற்றிகள். அதன் பின் நிரல்படுத்தும் குண்டோடு 57 அல்லது 76 மி.மீ, பின்பக்கம் இரண்டு 30 மி.மீ. ஏவுகணை அதற்கும் பின்னால்: தளத்தில் பொருத்தும் ராம் வகை என்றால் 6 டன், செங்குத்து ஏவி என்றால் 3 மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும், அதற்கு ஒரு தள அறையை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் குண்டு இருப்பையும் பயிற்சிச் சுடுதலையும் விலையோடு சேர்த்தே கேளுங்கள். நிரல்படுத்தும் குண்டைப் போருக்கென்று பூட்டி வைத்துவிட்டு, சாதாரணக் குண்டில் மட்டும் பயிற்சி எடுத்தால், குண்டுக்குத் தகவல் அனுப்பும் மின்சுருளில் கோளாறு இருப்பது முதல் தாக்குதலின்போதுதான் தெரியவரும்.